முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடுகையில்

என் மகளுக்கு இப்போது இருபத்தைந்து வயது. பத்தொன்பதாவது வயதில், கல்லூரிக்குக் கிளம்பக் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தவளின் வலது கை தானாக ஆட ஆரம்பித்தது. சீப்பு விழுந்தது, பின்னாலேயே அவளும் விழுந்தாள். வலிப்பு என்றார்கள். ஸ்கேன் எடுத்த பிறகு மூளையில் கட்டி என்றார்கள். மெதுவாக வளர்கிற வகை, பல வருஷமாகவே உள்ளே இருந்திருக்கும் என்றார்கள். அப்படியென்றால் அவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியபோதும் அது இருந்திருக்கிறது. பட்டாபிராம் ஸ்டேஷனில் தோழிகளோடு சிரித்துக்கொண்டு எடுத்த போட்டோவிலும் இருந்திருக்கிறது. அந்த போட்டோவை அதற்குப் பிறகு என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பேச்சுக்கான இடத்தை ஒட்டி இருந்ததால் எல்லாவற்றையும் எடுக்கவில்லை. "ஓரத்துல கொஞ்சம் விட்டு வச்சிருக்கோம். அதையும் எடுத்தா அவ பேச்சு போயிடும்" என்றார் டாக்டரம்மா. என்னைவிடச் சின்னவர், நிதானமாகப் பேசுபவர். மூன்று வாரம் கழித்து, எடுத்த சதையைச் சோதித்த அறிக்கை வந்தபோது எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது தனக்குள் இருக்கும் எழுத்துகளையெல்லாம் பார்த்துப் பார்த்துப் படி எடுக்குமாம். கோடிக்கணக்கான எழுத்து. எப்போதோ அவள் மூளையில் ஒரே ஒரு செல்லில், ஒரே ஒரு எழுத்து மாறிவிட்டது. அந்தச் செல்லிலிருந்து வந்தவை எல்லாம் அந்தப் பிழையோடு வந்தன. "கட்டியில இந்த மாற்றம் இருக்கிறது ஒரு விதத்துல நல்லதும்மா. இது இருந்தா மெதுவாத்தான் வளரும்" என்றார்.

நல்லது என்ற அந்த ஒரு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன்னால் இருந்த 'ஒரு விதத்துல' காதில் விழவில்லை.

எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஆவடி வந்து இருபத்தேழு வருஷமாகிறது.

"நாங்க சொந்தத்துல கட்டிக்கிட்டவங்க டாக்டர். அதனால வந்ததா?"

"இல்லம்மா. இது உங்ககிட்டருந்தும் வரல, அவர்கிட்டருந்தும் வரல. அவ ரத்தத்துல தேடினாக்கூட இது கிடைக்காது. அந்தக் கட்டியில மட்டும்தான் இருக்கு."

பக்கத்தில் இவர் மூச்சு விடுவது கேட்டது. அதுவரை அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்கும் தெரியவில்லை.

ஊரிலிருந்து பார்க்க வந்த என் நாத்தனாருக்கு மட்டும் டாக்டர் சொன்னது போதவில்லை. "சொந்தத்துல கட்டுனா இப்படி வரும்னு டிவியில சொல்லுதாவளே" என்றாள். அவள் கட்டியிருப்பது தாய்மாமனை. அதை ஞாபகப்படுத்தினேன்.

"எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே" என்றாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும், மாற்றம் இருந்தால் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் ஒரு வருஷம் அங்கேயே போனோம். பிறகு அவளுக்கு அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்தது, லீவு கிடைப்பது கஷ்டமாயிற்று. வலிப்பு மாத்திரையை ஆவடியிலேயே ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தார். ஸ்கேனை குமணன்சாவடியில் ஒரு சென்டரில் எடுத்தோம். அறிக்கையை ஆவடி டாக்டரிடம் காட்டுவோம். அவர் கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டு "மாற்றம் இல்ல, மாத்திரைய கண்டினியூ பண்ணுங்க" என்பார். மாற்றம் இருந்தால் வா என்றார்கள், மாற்றம் இல்லை, அதனால் போகவில்லை. எங்கள் கணக்கு அவ்வளவுதான்.

வேகமாக வரும் நோய் ஜனங்களுக்குப் புரிகிறது. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வருவார்கள், பக்கத்தில் உட்கார்ந்து அழுவார்கள். மெதுவாக வரும் நோய்க்கு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. "சரியாயிடுச்சா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. "நல்லா இருக்கா" என்பேன். "அப்ப ஜாதகம் அனுப்புங்க" என்பார்கள். அவள் வேலைக்குப் போனாள், ஸ்கூட்டி மட்டும் ஓட்டக்கூடாது என்றதால் ரயிலில் போய் வந்தாள், அவள் அப்பாவோடு கிரிக்கெட் பார்த்துச் சண்டை போட்டாள். நான்தான் அவள் குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தால் கதவுக்கு வெளியே நின்றேன். "அம்மா, நீ நிக்கிறது தெரியுது, போய் வேலையப் பாரு" என்பாள் உள்ளேயிருந்து.

ஸ்கேன் நாள் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். மூக்குத்தியையும் கம்மலையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். கவுன்டரில் இருப்பவர் தலையைத் தூக்காமல் கேட்பார்.

"பழய ஃபிலிம் வச்சிகினு கீறியாம்மா?"

"இருக்குங்க."

ஒரு கவரைக் கொடுப்பேன். ஒன்றே ஒன்று. அது எங்கள் பூஜை அலமாரியிலிருந்து வந்தது.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். முதல்முறை 'மாற்றம் இல்லை' என்று வந்த நாளில், அந்த கவரின் மூலையில் குங்குமம் வைத்து, சாமி படங்களுக்குப் பின்னால் செருகினேன். அடுத்த ஸ்கேனுக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். மறுபடியும் மாற்றம் இல்லை என்று வந்தது. புது கவர் அலமாரிக்குப் போயிற்று, பழையதை இவர் லாஃப்டில் இருந்த பையில் போட்டார். அந்தப் பையில்தான் ஆபரேஷன் சமயத்து ஃபிலிம்கள் எல்லாம் இருந்தன. அவற்றைப் பார்க்கவே பிடிக்காமல் அவர்தான் கட்டி மேலே வைத்தார். நானும் எடுக்கச் சொல்லவில்லை. நல்ல சேதி வந்த கவர் இருக்கும்போது கெட்ட சேதி வந்ததை ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? அப்படித்தான் நினைத்தேன். ஒரு ராசி மாதிரி ஆகிவிட்டது.

ஒவ்வொரு அறிக்கையின் கடைசியிலும் ஒரே ஆங்கில வாக்கியம் இருக்கும். முந்தைய ஸ்கேனோடு ஒப்பிடுகையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. எனக்கு அது ஸ்லோகம் மாதிரி மனப்பாடம். ஏழு தடவை வந்தது.

நான் வேலை செய்வது ராணுவ உடுப்பு தைக்கும் ஒரு தொழிற்சாலையில். வெட்டுப் பிரிவில் செக்கர். துணியைப் பெரிய அடுக்காகப் போட்டு மெஷினில் வெட்டுவார்கள். ஒரு லாட்டில் சில பீஸ் குறைந்தால் அவற்றை மட்டும் கையால் வெட்டிச் சேர்ப்போம். அதற்குக் கெட்டி அட்டையில் அச்சு இருக்கும். அட்டையைத் துணிமேல் வைத்து, சாக்பீஸால் சுற்றி வரைந்து வெட்ட வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் மதியம், பாக்கெட்டுக்கு மேல் வரும் மூடித்துணிகள் தையல் லைனிலிருந்து திரும்பி வந்தன. சில பொருந்துகின்றன, சில பொருந்தவில்லை என்றார்கள். வெட்டியவள் என் வயதுக்காரி, பத்து வருஷமாகப் பக்கத்து மேஜை, பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"அட்டை எங்க?" என்றேன்.

"அத லைன்ல எடுத்துகினு பூட்டாங்க. கேட்டா, தோ வருது, தோ வருதுன்னானுங்க. அதான் வெட்டுன பீஸ வச்சே வரைஞ்சேன்."

"எந்த பீஸ வச்சு?"

"அதுக்கு முன்னாடி வெட்டுனத வச்சு."

"ஒவ்வொண்ணுக்குமா?"

"ஆமா. இன்னா இப்போ, ஒரு சாக்பீஸ் கோடு அளவு தானே பெருசாவும். அதுக்குப் போயி மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற. உனுக்கு இருக்கிறது கண்ணா, அளவு டேப்பா?"

பீஸ்களை வெட்டின வரிசையிலேயே மேஜையில் அடுக்கினேன். ஒன்றையும் இரண்டையும் ஒட்டி வைத்தால் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டும் மூன்றும் அப்படியே. ஒன்பதும் பத்தும்கூட. பிறகு பத்தாவதை எடுத்து முதல் பீஸின் மேல் வைத்தேன். சுற்றிலும் ஒரு விரல் அகலம் வெளியே நின்றது.

அவளும் எட்டிப் பார்த்தாள். "பக்கத்துப் பக்கத்துல வச்சா அக்கா தங்கச்சியாட்டம் கீது. மொதலையும் கடைசியையும் வச்சா ஆத்தாளும் பொண்ணும்" என்று சிரித்தாள். அந்த மேஜையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அட்டை இல்லையென்றால் வேலையை நிறுத்து, முன்னால் வெட்டினதை வைத்து வரையாதே என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். மறுபடியும் சொல்ல வாயைத் திறந்தேன். வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது.

"இன்னாக்கா, மயக்கமா?" என்று அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

தலைவலி என்று அனுமதி வாங்கிக்கொண்டு கோவில்பதாகையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

இவர் காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நாற்காலி போட்டு லாஃப்டில் ஏறுவதைப் பார்த்து, எச்சில் கையோடு வந்து நாற்காலியைப் பிடித்தார்.

"அத எதுக்கு இப்ப எடுக்க?"

"பிடிச்சுக்கோங்க. அப்புறம் சொல்றேன்."

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றாம் மாதம் எடுத்த ஃபிலிம் அடியில் கிடந்தது. மீதி விட்டது எவ்வளவு என்று பார்ப்பதற்காக எடுத்தது. அதையும் அலமாரியில் இருந்த கடைசி ஃபிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். எனக்கு ஸ்கேன் படிக்கத் தெரியாது. ஆனால் ஃபிலிம் ஓரத்தில் சென்டிமீட்டர் கோடு போட்டிருக்கும், அதை வைத்து அளக்கத் தெரியும். வேலையில் நான் எதையும் இரண்டு முறைக்கு மேல் அளப்பதில்லை. அன்றைக்கு ஐந்து முறை அளந்தேன். வெவ்வேறு இடத்தில் எடுத்த படம், சாய்வு மாறியிருக்கலாம், நான் தப்பாக அளக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அளந்தேன். முதலாவதில் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது. கடைசியில் பெருவிரலின் மேல்கணு அளவு.

இவர் ஃபிலிமை என் கையிலிருந்து வாங்கி டீப்பாயில் வைத்தார். பிறகு, "நான்தான மேல தூக்கி வச்சேன்" என்றார்.

"நான்தானே கொண்டு போனேன்" என்றேன்.

மகள் ஆறு மணிக்கு வந்தாள். சோபா, டீப்பாய், தரை என்று எங்கும் ஃபிலிம். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்னம்மா, ஜவுளிக் கடையா?" என்றாள். யாரும் சிரிக்காததைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். அழவில்லை.

"ரெண்டு மாசமாவே சில வார்த்தை வர மாட்டேங்குதும்மா. ஆபீஸ் கால்ல பேசிட்டு இருக்கும்போது டக்குனு நின்னுடும். டீம்ல நெட்வொர்க் ப்ராப்ளம்னு நெனச்சுக்கிறாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்."

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சுல்ல. நீ அதுக்குக் குங்குமம் வேற வச்சுட்ட. நான் என்னன்னு சொல்றது?"

அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே டாக்டரம்மா. கொஞ்சம் நரைத்திருந்தார். இந்த முறை எல்லாவற்றையும் கொண்டு போயிருந்தேன். அவர் ஒவ்வொன்றாக வரிசைப்படி விளக்கில் மாட்டினார். என் மேஜையில் நான் அடுக்கியதைப் போலவே இருந்தது. நான் குனிந்து என் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வளர்ந்திருக்கு" என்றார். "ஸ்கேன் சென்டர்ல ஒண்ணும் தப்பா எழுதலம்மா. நீங்க எதைக் கொடுத்தீங்களோ அதோட ஒப்பிட்டிருக்காங்க. ஆறு மாசத்துல வளர்றது கண்ணுக்குத் தெரியாது. இந்த வகைக் கட்டியில இது ஒரு தொந்தரவு. எப்பவும் மொத ஃபிலிமோட சேர்த்துப் பார்க்கணும்."

அளவு மட்டும் விஷயமில்லை என்றார். முதலில் மாறிய அந்த ஓர் எழுத்தோடு மட்டும் இருக்கும்வரை கட்டி மெதுவாகத்தான் போகும். ஆனால் படி எடுப்பது நிற்பதில்லை. வருஷங்கள் போகப்போக, வேறு இடங்களிலும் பிழைகள் சேரலாம். சில பிழைகள் சேர்ந்தால் அதன் குணமே மாறிவிடும். அதற்குப் பிறகு அது மெதுவான கட்டி இல்லை. அப்படி மாறியிருக்கிறதா என்பதை ஸ்கேனை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, மறுபடியும் சதையை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. பாதியில் அவளை எழுப்பிப் பேசவைத்துக்கொண்டே செய்தார்கள். படங்களைக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டார்களாம். ஆனை, குடை, சாவி. பேச்சுக்கான இடத்தை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கினார்கள். வெளியே வந்தபோது அவளுக்கு எல்லாம் புரிந்தது, ஆனால் சொற்கள் தாமதமாக வந்தன. சில வரவே இல்லை. மாதக்கணக்கில் பயிற்சி செய்தால் பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார்கள். பேச்சுப் பயிற்சி தரும் பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள். "அம்மா, நீங்க வார்த்தைய எடுத்துக் கொடுக்காதீங்க. அவங்களே தேடி எடுக்கட்டும்."

அறிக்கைக்காக மூன்று வாரம் காத்திருந்தோம். அந்த நாட்களில் நான் வேலைக்குப் போனேன், சமைத்தேன், ஆவடி மார்க்கெட்டில் பேரம்கூடப் பேசினேன். மனசு மட்டும் ஒரே கேள்வியைச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பக்கத்துப் பக்கத்து ஃபிலிமை வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், உள்ளே வேறு பிழை சேர்ந்துவிட்டதா? கேட்பதற்கு ஆளில்லை. இவரிடம் கேட்டால் லாஃப்டைப் பற்றி ஆரம்பிப்பார். பூஜை அலமாரியில் விளக்கேற்றினேன், ஆனால் எதையும் வைக்கவில்லை.

போன வாரம் வரச் சொன்னார்கள். இவருக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் அவளும் மட்டும் போனோம். காலை எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். கூப்பிடும்போது பன்னிரண்டரை.

டாக்டரம்மா அறிக்கையை முன்பே படித்திருந்தார். "பழைய மாற்றம் இருக்கு. அது இருக்கத்தான் செய்யும். நாங்க பயந்த மாதிரி புதுசா எதுவும் சேரல. கட்டியோட குணம் மாறல." பிறகு கதிர்வீச்சு பற்றிச் சொன்னார். வளர்ந்திருப்பதால் இனி சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ஆறு வாரம் கதிர்வீச்சு, அதற்குப் பிறகு மாத்திரை, அதற்குப் பிறகும் ஸ்கேன். ஸ்கேன் எப்போதும் இருக்கும்.

அவள் தலையாட்டினாள். நான் எழுந்து நிற்க வேண்டியவள், எழவில்லை.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும் டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "முன்னாடியே ஆபரேஷன் பண்ணியிருப்போம். கட்டி சின்னதா இருந்திருக்கும். அதனால பேச்சு இவ்வளவு பாதிச்சிருக்காதுன்னு சொல்லலாம். சொல்ல முடியாமலும் போகலாம். எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார் என்றோ, உன்னால்தான் என்று சொல்லிவிடுவார் என்றோ எதிர்பார்த்திருந்தேன். இரண்டில் எதுவானாலும் கீழே இறக்கி வைத்திருக்கலாம். தெரியாது என்பதைத் தூக்கிக்கொண்டுதான் படியிறங்கினேன். குணம் மாறவில்லை என்ற சேதிக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. உடம்பு முழுக்கச் சோர்வுதான் இருந்தது. சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம், நாளைக்கு.

கீழே கேன்டீனில் டோக்கன் வாங்க வரிசை. "நான் வாங்குறேன்" என்று அவள் முன்னால் போய் நின்றாள். நான் பின்னால் நின்றேன்.

"ரெண்டு..." என்றாள். அதற்குமேல் வரவில்லை.

கவுன்டரில் இருந்தவர் அவளைப் பார்த்தார். அவள் உதடு அசைந்தது. கண் ஒரு பக்கமாகப் போய்த் தேடியது. காபி என்று என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்தால் நாங்கள் எப்போதும் காபிதான் குடிப்போம். எனக்குப் பின்னால் யாரோ, "ரெண்டு என்னம்மா, சொல்லிட்டு நகரும்மா, பேஷன்ட்டுக்கு வாங்கணும்" என்றார். கவுன்டர்காரர் தானாகவே, "காபியா, டீயா?" என்றார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். நான் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு சாப்பாடு" என்றாள்.

காலையிலிருந்து நாங்கள் இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.